வீட்டுக்கு ஒரு யூரினல்

ஒருவர் ஒரு தடவை கழிக்கும் சிறுநீர் கால் லிட்டர் இருக்கும். கூடிப்போனால் அரை லிட்டரை நெருங்கும். அதைத் தள்ளிவிட ஃப்ளஷ் டேங்க்கிலிருந்து நாம் திறந்துவிடுவது ஆறு லிட்டர் தண்ணீர். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மாட்டிய டேங்க் என்றால் பத்து லிட்டர். பல வீடுகளில் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் வருகிற அதே மாடித் தொட்டித் தண்ணீர்தான் இதற்கும் போகிறது. கோடையில் அந்தத் தொட்டியை நிரப்பத்தான் லாரிக்குப் பணம் கட்டுகிறோம்.

அலுவலகம், திரையரங்கம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று ஆண்கள் கூடும் இடங்களில் எல்லாம் யூரினல் உண்டு. இத்தனை பேருக்கு இத்தனை யூரினல் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பே பொதுக் கட்டடங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. வீட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. வீட்டில் எதற்கு என்ற கேள்வியைக்கூட யாரும் கேட்டதில்லை. மூன்று படுக்கையறை, மூன்று கழிப்பறை என்று கட்டுகிறோம். மூன்றிலும் ஒரே மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட்டை வைக்கிறோம். சென்னையைப் போலத் தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில், புதிதாகக் கட்டும் வீட்டின் ஏதாவது ஒரு குளியலறையிலாவது யூரினலுக்கு இடம் விட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

கையில் ஒரு கணக்கு

கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அரசுத் திட்டங்கள் பின்பற்றும் அளவு. பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடத்தில் அந்த 135 லிட்டர் இப்படிப் பிரிகிறது: குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. குடிப்பதும் சமைப்பதும் சேர்ந்து 10 லிட்டர்; கழிப்பறைக்கு அதைப்போல மூன்று மடங்கு. கழிப்பறைக்குள் நாம் போகும் தடவைகளில் பெரும்பாலானவை சிறுநீருக்காகத்தான்.

ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை, பள்ளி என்று வெளியே போகும் நேரம் கழித்து, ஆளுக்கு நான்கு தடவை வீட்டில் சிறுநீர் கழிக்கிறார்கள். மொத்தம் எட்டு. பத்து லிட்டர் டேங்க் என்றால் நாளைக்கு 80 லிட்டர். ஆறு லிட்டர் என்றால் 48. இரண்டு பொத்தான் வைத்த டேங்க்கில் தவறாமல் சின்னப் பொத்தானை அழுத்தினால் 24. யூரினலில் ஒவ்வொரு தடவையும் தாராளமாக ஒரு லிட்டர் விட்டாலும் 8 லிட்டரோடு முடிந்தது. ஆக, மிச்சம் நாளைக்கு முறையே 72, 40, 16 லிட்டர். ஆண்டுக்கு வைத்துப் பார்த்தால் 26,280, 14,600, 5,840 லிட்டர். நம் தெருக்களில் வரும் பெரிய டேங்கர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர் பிடிக்கும். பழைய டேங்க் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு லாரிக்கு மேல் மிச்சம், ஆறு லிட்டர் டேங்க் உள்ள வீட்டுக்கு ஒரு லாரிக்கு மேல் மிச்சம், சின்னப் பொத்தானை ஒழுங்காக அழுத்துகிற வீட்டுக்குக் கிட்டத்தட்ட அரை லாரி மிச்சம்.

ஒரு வீட்டுக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. நூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தெரியும். நாளைக்கு 40 லிட்டர் வீதம் நூறு வீடுகளில் 4,000 லிட்டர். மாதம் பத்து லாரி.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வில்லிவாக்கத்தில் வரவேற்க அமைச்சர்கள் போனார்கள். அந்த ஒரு ரயிலின் தண்ணீரை, நாளைக்கு 40 லிட்டர் வீதம் 62,500 வீடுகள் மிச்சம் பிடித்தால் தினமும் சம்பாதித்துவிடலாம். சென்னையின் அளவுக்கு 62,500 வீடு என்பது ஒரு மூலை.

செலவு ஒரு தடவையோடு முடிவதுமில்லை. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத புறநகர்ப் பகுதிகளில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கிவைத்து லாரி வைத்து அகற்றுகின்றன. காலையில் தண்ணீர் லாரி உள்ளே வரும். மாலையில் கழிவுநீர் லாரி வெளியே போகும். சிறுநீரோடு போன ஆறு லிட்டருக்கு அந்தக் குடியிருப்பு வரும்போது ஒரு காசும் போகும்போது ஒரு காசும் கொடுக்கிறது. நகரத்துக்குள் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்கள் அதே வேலையை மின்சாரம் செலவழித்துச் செய்கின்றன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கவும் மின்சாரம், அதைக் கழிவுநீராக்கிய பிறகு சுத்தம் செய்யவும் மின்சாரம்.

சொம்பிலிருந்து ஃப்ளஷ் டேங்க்குக்கு

வீட்டில் யூரினல் என்றதும் அந்நியமாகப் படுகிறது. ஆனால் நம் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் தனியாக இருந்தது; குளியலறை வேறு. ஒன்றுக்குப் போக யாரும் கழிப்பறைக்குப் போனதில்லை. குளியலறைக்குள் தண்ணீர் ஓடும் மூலையில் போய்விட்டு, அண்டாவிலிருந்து இரண்டு சொம்பு மொண்டு ஊற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வருவார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் அதுதான் வழக்கம். தண்ணீர்ச் செலவு ஒன்றரை லிட்டர், மிஞ்சினால் இரண்டு. இண்டியன் டாய்லெட் வீட்டுக்குள் வந்த பிறகும் பக்கெட்டும் மக்கும் கூடவே இருந்ததால் சிக்கனம் தொடர்ந்தது.

குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாகி, படுக்கையறையோடு ஒட்டி, தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் கணக்கு மாறியது. பக்கெட் அசிங்கமாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பை, ஒரே பொத்தான். மலத்தைத் தள்ளுவதற்கென்று அளந்து செய்த தண்ணீரைச் சிறுநீருக்கும் கொட்டத் தொடங்கினோம்.

இந்தப் பிழை மேல்நாட்டில்தான் தொடங்கியது; அதற்குத் திருத்தமும் அங்கேதான் முதலில் வந்தது. வறண்ட நாடான ஆஸ்திரேலியாவில், காரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்ப்சன் 1980-ல் இரட்டைப் பொத்தான் டேங்க்கை வடிவமைத்தார். பெரிய பொத்தானுக்கு 11 லிட்டர், சின்னதற்கு 5.5. பிறகு அது 6, 3 என்று இறங்கியது. அமெரிக்காவில் 1992-ம் ஆண்டுச் சட்டம் கழிப்பறைக் கோப்பைக்கு ஒரு தடவைக்கு 1.6 கேலன், அதாவது சுமார் ஆறு லிட்டர், யூரினலுக்கு ஒரு கேலன் என்று உச்சவரம்பு வைத்தது. கடும் வறட்சியில் சிக்கிய கலிபோர்னியா 2016-ல் சுவரில் மாட்டும் யூரினலுக்கான வரம்பை ஒரு கேலனில் எட்டில் ஒரு பங்காக்கியது. அரை லிட்டருக்கும் குறைவு. அரை லிட்டரில் யூரினல் சுத்தமாகும் என்பதை ஒரு மாநிலமே சட்டமாக்கி நடத்திக்கொண்டிருக்கிறது.

இரண்டு பொத்தான் டேங்க் இருக்கும்போது யூரினல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சின்னப் பொத்தானைப் பழக்கமாக்கிக்கொண்ட வீட்டுக்கு யூரினலால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவுதான் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது. ஆனால் எத்தனை வீடுகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது? இரண்டில் எது எதற்கு என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து அழுத்துகிறவர்கள் உண்டு. விருந்தாளி, குழந்தை, அவசரக்காரர் எல்லோரும் பெரியதைத்தான் அழுத்துவார்கள். போர்வெல் உப்பு படிந்து, சின்னப் பொத்தானை அழுத்தினாலும் டேங்க் முழுதாகக் காலியாகும் வீடுகளும் உண்டு. யூரினலில் யாரும் யோசித்துச் சிக்கனம் பிடிக்க வேண்டியதில்லை. அதிகமாகச் செலவழிக்க அங்கே வழியே இல்லை.

அந்துருண்டை நாற்றம்

யூரினல் என்ற சொல்லோடு நம் மூக்குக்கு நினைவு வருவது பேருந்து நிலையமும், சினிமா இடைவேளையும், மஞ்சள் பூத்த பீங்கானில் கரைந்துகொண்டிருக்கும் அந்துருண்டையும். அந்த நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று இல்லத்தரசிகள் கேட்பார்கள். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. காரணத்தைப் பார்க்க வேண்டும்.

புதிதாக வெளியேறிய சிறுநீருக்குப் பெரிய நாற்றம் கிடையாது. அதில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கிறது. அப்போதே சிறுநீரில் உள்ள உப்புகளும், கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் சேர்ந்து குழாயின் உள்பக்கம் கல்லாகப் படிகின்றன. அந்தப் படிவத்துக்குள் பாக்டீரியா குடியிருக்கும். மேலே எத்தனை அந்துருண்டை போட்டாலும் நாற்றம் போகாது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில், கழுவ ஆளில்லாமல், தண்ணீர் வராமல் கிடக்கும் யூரினலுக்கு இந்தக் கதி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பயன்படுத்தி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு, மற்ற சாமான்களோடு வாரம் இருமுறை தேய்த்துக் கழுவும் வீட்டு யூரினலுக்கு இந்தக் கதி வராது. வீட்டு வாஷ்பேசின் நாறுவதில்லை, பேருந்து நிலைய வாஷ்பேசின் நாறுகிறது என்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்.

அதனால்தான் துளித் தண்ணீரும் வேண்டாத யூரினலை வீட்டுக்குப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. டெல்லி ஐஐடி உட்படச் சில இடங்களில் இதற்கென நல்ல கருவிகள் உருவாகியிருக்கின்றன. ஆள் வைத்துப் பராமரிக்கும் பொது இடங்களுக்கு அவை பொருந்தும். வீட்டில், அவற்றில் நாற்றத்தைத் தடுக்கும் அடைப்பானை நேரத்துக்கு மாற்ற மறந்துவிடுவோம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் காம்காஸ்ட் சென்டர் என்ற உயரமான கட்டடத்தில் 116 தண்ணீரில்லா யூரினல்களை மாட்ட முடிவெடுத்தபோது, வேலை குறைகிறதே என்று பிளம்பர்கள் சங்கம் எதிர்த்தது. கடைசியில், தேவைப்படாவிட்டாலும் ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர்க் குழாய் போடுவது என்று சமரசம் ஆனது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சுவரை மூடுவதற்கு முன்பு குழாயைப் போட்டுவைத்தால், பிறகு மனம் மாறினாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு என்ன?

ஆண்களுக்கு மட்டும் ஒரு வசதியை வீட்டுக்குள் கொண்டுவருகிறோமா என்று கேட்டால், பாதி ஆம். பெண்களுக்கான யூரினல் உலகில் உண்டு என்றாலும் வீட்டில் புழங்கும் நிலைக்கு அது வரவில்லை. பெண்கள் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சின்னப் பொத்தானும், பக்கெட்டும் மக்கும்தான் வழி. ஆனால் யூரினலின் லாபத்தில் பெண்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பெரும்பாலான வீடுகளில் கழிப்பறையைக் கழுவுவது யார்? மனைவி, அம்மா, அல்லது வேலைக்கு வரும் பெண். வெஸ்டர்ன் டாய்லெட்டின் முன்னால் நின்றபடி ஆண்கள் சிறுநீர் கழிப்பதால் இருக்கை நனைகிறது, விளிம்பில் தெறிக்கிறது, தரையில் சொட்டுகிறது. அடுத்து வந்து உட்காருகிறவர் பெண். இருக்கையைத் தூக்கிவிடு என்று மகனுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த தாய்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் இது நீதிமன்றம் வரை போனது. நின்றபடி சிறுநீர் கழித்ததால் குளியலறையின் சலவைக்கல் தரை பாழானது என்று வீட்டுக்காரர் வாடகைதாரரின் முன்பணத்தில் பிடித்தம் செய்ய, 2015-ல் டுசல்டார்ஃப் நீதிமன்றம் வாடகைதாரர் பக்கம் நின்றது. உட்கார்ந்து போகும் பழக்கம் பரவி வந்தாலும் நின்று போவது இன்னும் சாதாரணமானதுதான் என்பது நீதிபதியின் கருத்து. தீர்ப்பு எப்படியோ, தரையைத் துடைக்கும் வேலை யாருக்கோ இருக்கிறது. நிற்கிறவர்களுக்கென்று ஒரு பீங்கான் சுவரில் இருந்தால் அந்த வேலை குறையும். மற்ற கோப்பை உட்காருகிறவர்களுக்கு உலர்ந்து கிடைக்கும்.

ஆண்களும் உட்கார்ந்தே போய்ச் சின்னப் பொத்தானை அழுத்தினால் செலவே இல்லையே என்று வாதிடலாம். செய்ய முடிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். இரவில் பல தடவை எழுந்திருக்கும் முதியவர்களில் தலைசுற்றல், தடுமாற்றம் உள்ளவர்களுக்கு உட்கார்வதுதான் பாதுகாப்பு. அவர்களை யூரினலுக்கு இழுக்கக் கூடாது. முட்டி மடக்க முடியாமல் தவிக்கும், ஆனால் உறுதியாக நிற்க முடிகிற பெரியவருக்கு, பக்கத்தில் ஒரு கைப்பிடியோடு யூரினல் இருந்தால் உதவி.

சுவரில் இரண்டடி

இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. சென்னை அடுக்குமாடி வீடுகளில் குளியலறை என்பது ஐந்துக்கு ஏழடி, நான்குக்கு எட்டடி. சின்ன யூரினலுக்குச் சுவரில் இரண்டடி அகலம் வேண்டும். தரையிலிருந்து அதன் விளிம்பு பெரியவர்களுக்கு இரண்டடி உயரத்தில் வரும். கதவுக்குப் பின்னால், குளிக்கும் பகுதிக்கும் கோப்பைக்கும் நடுவில், வாஷிங்மெஷின் வைக்கும் இடத்துக்கு எதிரே என்று ஒரு சுவர் பெரும்பாலும் கிடைக்கும். எல்லாக் குளியலறையிலும் வேண்டாம். பொதுவாகப் புழங்கும் ஒன்றில் போதும். சாதாரணப் பீங்கான் யூரினல் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கட்டும்போதே செய்தால் குழாய்க்கும் கூலிக்கும் பெரிய செலவு இல்லை. கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு செய்தால்தான் உடைத்து ஒட்டும் செலவு மிச்சத்தை விழுங்கிவிடும்.

பிளம்பரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. யூரினலின் வெளிக்குழாயில் ட்ராப் இருக்க வேண்டும். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கிறது. குழாய்க்கு நல்ல சாய்வு வேண்டும்; சிறுநீர் தேங்கினால் கல் படியும். கழிப்பறைக் கழிவு போகும் குழாயோடுதான் இணைக்க வேண்டும். பல வீடுகளில் குளியல் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் தோட்டத்துக்கோ உறிஞ்சுகுழிக்கோ திருப்பியிருப்பார்கள்; யூரினலை அந்தக் குழாயில் சேர்த்துவிடக் கூடாது. தண்ணீர் விடுவதற்குத் தானே மூடிக்கொள்ளும் அழுத்துக் குழாய் நல்லது. அதன் ஓட்டத்தை அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் நடுவில் அளந்து திருகி வைத்துக்கொள்ளலாம். சென்சார் வேண்டியதில்லை, ஆள் குறுக்கே போனாலும் தண்ணீர் கொட்டும்.

சொந்தத் தோட்டம் உள்ள தனிவீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. வீட்டுக் கழிவுநீரில் கலக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரிலிருந்து வருவதுதான். அதைப் பிரித்து உரமாக்கும் முயற்சிக்குத் திருச்சி மாவட்டத்து முசிறி பெயர் பெற்றது. மாராச்சி சுப்புராமன் நிறுவிய ஸ்கோப் அமைப்பு, மலத்தையும் சிறுநீரையும் பிரிக்கும் சூழல்நலக் கழிப்பறைகளை அங்கே கட்டியது. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோருக்குச் சிறு தொகை கொடுத்தும் பார்த்தது. 2021-ல் சுப்புராமனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நகரத்து அடுக்குமாடியில் அது நடக்காது. வாழையும் தென்னையும் வைத்திருக்கும் வீட்டில், யூரினல் குழாயை ஒரு மூடிய கேனுக்குத் திருப்பி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து மரத்தடியில் ஊற்றுவது நடக்கும்.

யார் செய்ய வேண்டும்?

சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. அடுக்குமாடிகளில் லாரிச் செலவைச் சதுர அடிக்கோ வீட்டுக்கோ சமமாகப் பங்கு போடுகிறார்கள். சிக்கனம் பிடிக்கிறவருக்கும் கொட்டித் தீர்க்கிறவருக்கும் ஒரே தொகை. இந்த நிலையில், மக்களாகப் பார்த்து யூரினல் மாட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். கட்டட விதிதான் வழி காட்ட வேண்டும்.

அதற்கு முன்னுதாரணம் இங்கேயே இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது பலர் முணுமுணுத்தார்கள். கெடு வைத்து நெருக்கியதால்தான் நடந்தது. பல இடங்களில் பேருக்குச் செய்தார்கள் என்ற குறையையும் மீறி, அடுத்து வந்த மழைகளில் கிணறுகளில் நீர் ஏறியதை நகரம் பார்த்தது. யூரினலை அப்படி எல்லோர் தலையிலும் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையில் யூரினலுக்கான சுவரிடமும், தண்ணீர்க் குழாய் முனையும், கழிவுக் குழாய் முனையும் விட்டுவைக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். மாட்டுவதும் மாட்டாததும் குடியேறுகிறவர் விருப்பம். வீட்டுவசதி வாரியம் தன் அடுக்குமாடிகளில் இதைத் தொடங்கிவைக்கலாம்.

பழைய வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைக்க வேண்டாம். முதலில் ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் பேனா மையைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் கோப்பையைப் பாருங்கள். நிறம் தெரிந்தால் வால்வு ஒழுகுகிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை, யூரினல் அதற்குப் பிறகு. சின்னப் பொத்தான் எது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். ஒற்றைப் பொத்தான் டேங்க் என்றால், சிறுநீருக்கு மட்டும் பக்கெட்டும் மக்கும் திரும்ப வரட்டும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், அடுக்குமாடியில் வீடு பதிவு செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்பிளின் நிறத்தையும் மாடுலர் கிச்சனின் கதவையும் பற்றிப் பேசும் அதே மேசையில், குளியலறை வரைபடத்தில் கையெழுத்திடும் முன்பு, யூரினல் பாயின்ட் எங்கே என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பில்டர் யோசிப்பார்; நூறு பேர் கேட்டால் விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்.